1801ஆம் ஆண்டுக்கு ஒத்த புகையிலை: அந்தியூர்ச் சாலைக் கடை ஒன்றைப் பற்றி

அறச்சலூருக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில், ஆடிப் பதினெட்டையொட்டித் தீரன் சின்னமலையின் வரலாற்றிலிருந்து இரண்டு மூன்று காட்சிகளை நடித்துக் காட்டுவது சில ஆண்டுகளாக எங்கள் குழுவின் வழக்கம். தொழில்முறை நாடகக்காரர்கள் எவரும் எங்களிடம் இல்லை. விசைத்தறி வைத்திருப்பவர், பள்ளி ஆசிரியர், மஞ்சள் வியாபாரி, கல்லூரிப் பிள்ளைகள் என ஒரு பன்னிரண்டு பேர் சேர்ந்து, அந்தக் காலத்தில் இருந்த பொருளை மட்டுமே மேடையில் ஏற்றுவது என்று உறுதி எடுத்துக்கொண்டோம். கைத்தறி வேட்டி, தோல் செருப்பு, மண் கலயம், பனையோலைக் குடை என்று எல்லாவற்றையும் தேடிப் பிடித்துச் சேர்த்துப் பெருமையோடு நின்ற, சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டில், காவற்காரனாக நடித்த தம்பி ஒருவன் ஒத்திகைப் பழக்கத்தில் மேடையிலேயே பீடியைப் பற்ற வைத்துவிட்டான். முன் வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், கூட்டம் முழுவதும் கேட்கும்படி, "ஏனுங்க, சின்னமலை படையில தீப்பெட்டி எப்பங்க வந்துது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில்தான் இந்தக் கடை எனக்கு அறிமுகமாயிற்று.

பெரியவர் கேட்டது முற்றிலும் நியாயம். உரசிப் பற்ற வைக்கும் தீக்குச்சியை இங்கிலாந்தில் ஜான் வாக்கர் உருவாக்கியதே 1826ஆம் ஆண்டில்தான். சின்னமலை சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டதோ 1805இல். பீடித் தொழிலும் அதற்கு வெகு காலம் பின்னர் தோன்றியது. ஆனால், புகையிலையே அக்காலத்தில் இல்லை என்று முடிவு கட்டி அதை மேடையிலிருந்து துரத்துவதும் தவறு. போர்த்துகீசியர் கொண்டுவந்த இச்செடி 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தக்காணத்தில் பரவிவிட்டது. 1604 வாக்கில் பீஜப்பூரிலிருந்து திரும்பிய ஆசாத் பேக் என்பவர் அதை அக்பரின் அவைக்குக் கொண்டுபோய்க் கொடுத்த செய்தி பதிவாகியுள்ளது. நம் பக்கத்தில் புலவர் ஒருவர் பழனி முருகனிடம் புகையிலையையே தூது அனுப்பிச் சிற்றிலக்கியம் பாடும் அளவுக்கு அது மக்களோடு ஒட்டிப்போயிருந்தது. திப்பு சுல்தான் வீழ்ந்த மறு ஆண்டு, அதாவது 1800இல், கிழக்கிந்தியக் கம்பெனியின் கட்டளைப்படி கொங்கு நாட்டின் வழியாகப் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், தாம் கண்ட பயிர்களில் புகையிலையையும் குறித்திருக்கிறார். ஆகவே, சின்னமலை கம்பெனிப் படையோடு காவிரிக் கரையில் மோதிய 1801இல் அங்கே காவல் நின்ற ஒருவனின் மடியில் புகையிலை இருந்திருக்கக்கூடும் என்பதில் ஐயமில்லை. எத்தகைய புகையிலை, அதை அவன் என்ன செய்தான் என்பதே கேள்வி. (இடையில் ஒரு சொல்: அண்ணன்மார் கதையை நடிக்கும் நண்பர்கள் இந்த வாதத்தைத் துணைக்கு அழைக்க வேண்டாம். பொன்னர் சங்கர் காலமாகச் சொல்லப்படுவது போர்த்துகீசியரின் கப்பல் வருவதற்கு முந்தையது. அங்கே வெற்றிலை வரலாம், புகையிலை வரலாகாது. பச்சை மிளகாயும் வரலாகாது.)

நேரே சரியான கடைக்குப் போய்விடவில்லை. முதலில் இணையத்தில், "பாரம்பரிய இயற்கைப் புகையிலை" என்ற பெயரில் ஒரு விற்பனையாளர் போட்டிருந்த படத்தை நம்பிப் பணம் கட்டினேன். வந்து சேர்ந்தது எலுமிச்சம்பழ நிறத்தில், தாளைப் போல மெல்லியதாக இருந்த வர்ஜீனியா இலை. அது சிகரெட்டுக்காகச் சூளை வீட்டில் குழாய் வழியாக வெப்பம் செலுத்தி உலர்த்தப்படுவது. ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் அந்தப் பயிர் வேரூன்றியதே 20ஆம் நூற்றாண்டில். 1801ஆம் ஆண்டுப் படைவீரனின் கையில் அதைக் கொடுப்பதும் கைக்கடிகாரம் கட்டிவிடுவதும் ஒன்றே. பொருள் தவறு என்று எழுதியபோது, "இயற்கையானதுதானே சார்" என்று பதில் வந்ததே தவிரப் பணம் வரவில்லை. அடுத்து நகரத்துக் கடை ஒன்றில் ஒரு பொட்டலம் கிடைத்தது. பன்னீரும் ஏலமும் வேறு ஏதோ குளிர்ச்சியும் கலந்த அந்த நெடி மூக்கைத் துளைத்ததால், அதைத் திறந்தபடியே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பவானியிலிருந்து அந்தியூர் போகும் வழியில் உள்ள இந்தக் கடையைப் பற்றிச் சொன்னவர் எங்கள் குழுவின் மஞ்சள் வியாபாரி. கடையின் பெயரையும் ஊரையும் நான் எழுதப்போவதில்லை. புகையிலைப் பொருளுக்கு விளம்பரம் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது என்பது ஒரு காரணம். "பேரெல்லாம் போட்டுடாதீங்க தம்பி" என்று கடைக்காரரே கேட்டுக்கொண்டது இன்னொரு காரணம். வெற்றிலைக்குப் பேர்போன அந்தியூர்ப் பக்கத்தில் புகையிலை விற்பவரைக் கண்டுபிடிப்பது ஒன்றும் கடினமான வேலையன்று.

பலகைக் கதவு போட்ட, உள்ளே இருட்டான, நீளவாக்கில் போகும் கடை அது. முன்புறம் ஒரு தராசும் மரப்பெட்டியும். பின்புறம் சுவரோடு சுவராகச் சிப்பங்கள் அடுக்கப்பட்டிருந்தன. உள்ளே கால் வைத்தவுடன் வந்த வாசனையை, எங்கள் அப்பாரு (தாத்தா) கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து சுருக்குப்பையை அவிழ்க்கும்போதெல்லாம் நான் முகர்ந்திருக்கிறேன்: வெல்லம், ஈர மண், காய்ந்த வைக்கோல் மூன்றும் கலந்து, கடைசியில் தொண்டையில் ஒரு கரகரப்பு. எழுபதைத் தாண்டிய கடைக்காரர் நான் கேட்டதை முழுவதுமாகக் கேட்டுவிட்டு, சிரிக்காமல், ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தின்கறதுக்குங்களா, ஊதறதுக்குங்களா?"

ஊதுவதற்கு என்றேன். படைவீரர்கள் இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து சுருட்டுப் பிடிப்பதாகத்தான் என் மனத்தில் காட்சி இருந்தது. அவர் ஒரு சிப்பத்தின் வாயைப் பிரித்து, கைப்பிடியாகக் கட்டியிருந்த இலைக் கற்றையிலிருந்து ஒன்றை உருவி என் கையில் வைத்துவிட்டு, "அதுக்கு இது பத்தாதுங்க" என்றார். அளவு போதாது என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, "அப்படின்னா கால் கிலோ வேண்டாங்க, அரைக் கிலோவாப் போட்டுடுங்க" என்றேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, கேட்டவனுக்குக் கேட்டதைக் கொடுப்பதே வியாபாரம் என்பதுபோல் எடை போட்டார்.

அந்த இலையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த மதிப்புரையில் நான் முழு மதிப்பெண் கொடுப்பது அதற்கு மட்டுமே. என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளமுள்ள இலை. நிறம் கருங்காலிக்கும் காப்பிக்கொட்டைக்கும் நடுவில். நடுநரம்பு சுண்டுவிரல் பருமன் இருந்தது. கொழுந்து கிள்ளி, பக்கச் சிம்புகளை ஒடித்து, செடியின் சத்து முழுவதையும் சில இலைகளுக்குள் இறக்கி வளர்த்ததன் கனம் கையில் தெரிந்தது. இரு கைகளாலும் மெல்ல விரித்தபோது அது பொடியவில்லை, கிழியவுமில்லை; நன்கு பழகிய தோலைப் போல இழுத்த இழுப்புக்கு வந்தது. மேற்பரப்பில் ஆங்காங்கே வெண்மையாக ஏதோ படிந்திருந்ததைப் பூஞ்சணம் என்று எண்ணி முகத்தைச் சுளித்தேன். கடைக்காரர் அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக் காட்டினார். உப்பு. சப்பைத் தண்ணீர்க் (உப்பு நீர்க்) கிணற்றுப் பாசனத்தில் விளைந்த இலையை வெயிலில் உலர்த்தி, அம்பாரமாக அடுக்கிப் பாடம் போட்டு (நாள்பட வைத்துப் பக்குவப்படுத்தி), அவ்வப்போது பிரித்து மாற்றி அடுக்கும்போது மேலே பூத்துவரும் உப்பு அது. மெல்லும் புகையிலைக்கு அதுவே தரத்தின் அடையாளம். வேறு எந்தப் பயிரும் முகம் திருப்பிக்கொள்ளும் அந்தத் தண்ணீரில் இது மட்டும் காரம் ஏறி வளர்கிறது என்று அவர் சொன்னபோது, குறை என்று நான் நினைத்ததையே வாங்குபவர்கள் தேடிப் பார்த்து வாங்குகிறார்கள் என்று புரிந்தது.

ஒத்திகை நாளன்று மாலை, சக்கிமுக்கிக் கல்லைத் தட்டி, இலவம் பஞ்சில் பொறி பிடித்து ஊதிக் கனலாக்கும் வித்தையை ஒரு வாரம் பயின்றிருந்த தம்பி வெற்றிகரமாக நெருப்பு எடுத்தான். நான் அரும்பாடுபட்டுச் சுருட்டி நூல் கட்டிய சுருட்டின் நுனியில் அதை வைத்தோம். கருகியது. ஊதினோம். ஓரம் சிவந்து, உடனே கறுத்து, அணைந்தது. மீண்டும் வைத்தோம். ஏழெட்டு முறை முயன்றபின் நாங்கள் பெற்றது கண்ணெரிச்சலும் ஒரு கருகல் நாற்றமும் மட்டுமே. அப்போதுதான் கடைக்காரர் சொன்ன சொல் எனக்கு விளங்கிற்று. "பத்தாது" என்றது போதாது என்ற பொருளில் அல்ல; நெருப்புப் பற்றாது என்ற பொருளில். உப்பு நீரிலிருந்து இலைக்குள் ஏறும் குளோரைடு எரிதிறனைக் கெடுத்துவிடும் என்பது புகையிலை ஆராய்ச்சியில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. அதை அவர் ஒரே சொல்லில் சொல்லியிருக்கிறார், நான்தான் தராசுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோல்வி என்று அன்றிரவு நினைத்தது, மறுநாள் காட்சியையே திருத்திக் கொடுத்தது. மண்ணும் தண்ணீரும் இப்படி இருக்கும் ஊரில் 1801ஆம் ஆண்டுக் காவற்காரன் கையிலும் பெரும்பாலும் பற்றாத இலையே இருந்திருக்கும். அவன் அதை ஊதியிருக்க மாட்டான், வெற்றிலையோடு சேர்த்து வாயில் அடக்கியிருப்பான். இரவுக் காவலில் இருப்பவன் இருட்டில் கனலும் சுருட்டைக் காட்டி எதிரிக்குத் தன் இடத்தைச் சொல்லவும் மாட்டான். ஆகவே நெருப்பைச் சுற்றிப் புகை விடும் காட்சியை அடியோடு நீக்கிவிட்டு, வழிப்போக்கனாக வரும் ஒற்றன் காவற்காரனிடம், "பொகையில ஒரு துண்டு இருக்குதுங்களா?" என்று கேட்டுப் பேச்சைத் தொடங்குவதாக எழுதினோம். முன்பின் அறியாத இருவர் பேசத் தொடங்குவதற்கு இதைவிட இயல்பான வாசகம் எங்கள் பக்கத்தில் இருந்ததில்லை. வெற்றிலைப் பையை நீட்ட மறுப்பவன் ஊரில் நல்ல பெயர் எடுத்ததும் இல்லை. பாக்குவெட்டியும் பித்தளைச் சுண்ணாம்புக் கரண்டகமும் என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுப் பரணிலிருந்து வந்தன. அவற்றோடு அந்தக் கருத்த இலையையும் மடியிலிருந்து எடுத்து, காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, ஒரு விரற்கடை அளவு கிழித்து நீட்டும்போது அது எழுப்பும் சரசரப்புகூட முன்வரிசைக்குக் கேட்டது.

இனிக் கடையின் குறைகள். முதலாவது, எடை. இலை பொடிந்துவிடாமல் இருக்க அதன்மேல் நீர் தெளித்துப் பதப்படுத்திவிட்டுத்தான் தராசில் வைக்கிறார். தொழிலுக்கு அது தேவை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அரைக் கிலோ என்று 240 ரூபாய் கொடுத்து வாங்கியதை இரண்டு நாள் கழித்து வீட்டில் நிறுத்துப் பார்த்தபோது ஏறத்தாழ 50 கிராம் காற்றோடு போயிருந்தது. நனைக்கும் முன் நிறுத்துவிட்டுப் பிறகு நனைத்துத் தரச் சொன்னால் அவர் மறுப்பதில்லை என்பது இரண்டாம் முறை தெரிந்தது. கேட்டால்தான் கிடைக்கும் நேர்மை. இரண்டாவது, ரகத்தைப் பற்றிய பேச்சு. வட்டக்கப்பல், ஊசிக்கப்பல் என்ற பழைய பெயர்களை அவர் சரளமாகச் சொல்கிறார். அகன்ற இலையையும் ஒடுங்கிய இலையையும் அருகருகே வைத்து வேறுபாட்டையும் காட்டுகிறார். ஆயினும் வேடசந்தூர்ப் புகையிலை ஆராய்ச்சி நிலையம் பல பத்தாண்டுகளாகப் புதிய ரகங்களை உழவர்களுக்குத் தந்துகொண்டிருக்கும்போது, சிப்பத்துக்குள் இருக்கும் இலை எந்த விதையிலிருந்து வந்தது என்பதற்கு வாய்ச்சொல் மட்டும் சான்றாகாது. "அந்தக் காலத்து விதைங்க" என்ற அவருடைய உறுதிமொழியை நான் அன்போடு கேட்டுக்கொண்டேன், எங்கள் காட்சிக் குறிப்பில் சேர்க்கவில்லை. மேடையைப் பொறுத்தவரை உலர்த்திய முறையும் நிறமும் தடிப்பும் பொருந்தினால் போதும். மூன்றாவது, நேரம். பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் பலகையைச் சாத்திவிட்டு அவர் தோட்டத்துக்குப் போய்விடுகிறார். பெருந்துறையிலிருந்து இரண்டு பேருந்து மாறிப் போய், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய அனுபவம் எனக்கு உண்டு.

மூக்குப்பொடியும் அங்கே விற்கிறது. வாழைமட்டையில் மடித்த பொடிமட்டையாகக் கேட்டால் செய்தும் தருகிறார், கணக்குப்பிள்ளை வேடத்துக்கு அது மிகப் பொருத்தம். சுருட்டு அவரிடம் இல்லை. கம்பெனிச் சிப்பாய்க்காக ஒன்று தேவைப்பட்டபோது, "அது திண்டுக்கல், திருச்சி சமாச்சாரமுங்க" என்று அனுப்பிவிட்டார். வெள்ளைக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே நம்மிடமிருந்து சுருட்டோடு அதன் பெயரையும் சேர்த்து 'செரூட்' (cheroot) என்று எடுத்துக்கொண்டார்கள் என்பதால் காலப் பிழை வராது. ஆனால் மேடையில் நாங்கள் வைப்பது வாழைச் சருகைச் சுருட்டிய வெறும் போலிதான், அதையும் பற்ற வைப்பதில்லை.

பற்ற வைக்காததற்குச் சட்டமும் காரணம், பிள்ளைகளும் காரணம். பொது இடத்தில் புகை பிடிப்பது 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டிருக்கிறது. தேர்த்திடலும் பொது இடம்தான். குட்கா, பான் மசாலா போன்றவற்றின் விற்பனைக்குத் தமிழ்நாட்டில் 2013இல் தடை வந்ததிலிருந்து பொட்டலப் புகையிலையின் பக்கமே போக வேண்டாம் என்பது எங்கள் விதி. பதினெட்டு வயது நிரம்பாதவரிடம் விற்கக் கூடாது என்பதைக் கடைக்காரர் கடைப்பிடிக்கிறார். எங்களோடு வந்த பதினொன்றாம் வகுப்புப் பையனைப் படியேறவே விடவில்லை. இலை மடியிலும் கையிலும் இருக்கலாம், வாய்க்குள் போகக் கூடாது. வாயில் போடுவது பாக்கில்லாத வெற்றுத் தளிர் வெற்றிலை மட்டுமே. இந்த விதி, ஒற்றனாக நடித்தவர் ஒத்திகையில் வீரம் காட்டி ஒரு துண்டை மென்று சாற்றையும் விழுங்கி, வேர்த்துக் கொட்டி, தலை சுற்றி, வாந்தி எடுத்துத் திண்ணையில் ஒரு மணி நேரம் படுத்திருந்த பிறகு எழுதப்பட்டது. ஈர இலையை நெடுநேரம் வெறுங்கையால் பிசைவதும் நல்லதன்று. நிக்கோட்டின் தோல் வழியாகவும் இறங்கும். அப்பாருவின் தலைமுறையில் வாய்ப் புற்றால் போனவர்களை எண்ண எங்கள் ஊரில் இரு கைகளின் விரல்களும் போதா என்பதால், இந்த விஷயத்தில் நாங்கள் விளையாடுவதில்லை.

வாங்கும் காலம் பற்றி ஒரு குறிப்பு. எங்கள் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகையில் நட்ட பயிர் மாசி, பங்குனியில் அறுவடையாகி, கோடை முழுவதும் பாடத்தில் கிடந்துவிட்டுத்தான் கடைக்கு வருகிறது. ஆடியில் போனால் புதிய இலையும் பழைய இலையும் இரண்டும் இருக்கும். புதியது நெடி அடிக்கும், நிறமும் இன்னும் இறங்கியிராது. மேடை வெளிச்சத்துக்குச் சென்ற ஆண்டு இலையே நன்றாக இருக்கிறது. வாங்கி வந்தபின் பாதுகாப்பதுதான் பாடு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று இரண்டே நாளில் இலையை அப்பளமாக்கிவிடும். ஈரத் துணியில் சுற்றினாலோ பூஞ்சணம் பிடிக்கும். நாங்கள் ஈர வாழைப்பட்டையில் சுற்றி மண்பானைக்குள் வைத்து, வாய்க்கு வேடுகட்டி வைக்கிறோம். சென்ற ஆண்டு மீதியானதை அப்படியே பரணில் மறந்துவிட்டுத் தை மாதம் எடுத்துப் பார்த்தபோது, கடுகளவு பழுப்பு வண்டுகள் இலையைச் சல்லடையாக்கியிருந்தன. மனிதனைச் சாய்க்கும் நஞ்சை அந்த வண்டு சோறாகத் தின்று வளர்கிறது.

இந்த ஆண்டுக்குக் கால் கிலோ மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன், நனைக்காத எடையில். கூடவே, நல்ல தண்ணீர்க் கிணற்றில் விளைந்த கற்றை ஒன்று எங்கேனும் கிடைத்தால் எடுத்துவைக்கும்படியும் கேட்டிருக்கிறேன். இரண்டையும் ஒரே கனலில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை. "அது எதுக்குங்க தம்பி, அது காரமே இருக்காதுங்களே" என்றார். ஊதிப் பார்ப்பதற்கு என்றேன். இம்முறை அவர் சிரித்துவிட்டார்.